மகள் கார் பழகிய வருஷம்

என் மூத்த மகள் ஒன்பது வயதிலிருந்து பதினொரு வயது வரை ஜன்னலோரம் படுத்திருந்தாள். நம் குடும்பத்துப் பிள்ளைகளே, உங்களுக்கு அவளை இரண்டு கைகளிலும் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிற பெரிய ஆளாகத்தான் தெரியும். அதற்கு முந்தின காலம் ஒன்று இருந்தது. கார் பழகும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நீங்கள் அதை அறிந்திருந்தால் நல்லது என்று நினைத்து எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தில், வில் நகரத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அவளுக்கு இடது இடுப்பு எலும்பில் வருத்தம். காலில் பாரம் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் கிழமையில் மூன்று காலை வீட்டுக்கு வருவார். மிச்ச நாட்களில் அவளுடைய அம்மா சொல்லிக் கொடுப்பாள். அம்மாவுக்கு டொய்ச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாததால் கணக்கு மட்டும்தான் ஒழுங்காக நடந்தது. அப்படி வீட்டிலேயே படித்த பிள்ளை அவள்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு சந்தி. அங்கே விளக்கும் இல்லை, பலகையும் இல்லை. இந்த நாட்டில் அப்படிப்பட்ட சந்தியில் ஒரே சட்டம்தான்: வலது பக்கத்தால் வருகிறவர் முதலில் போவார். மகள் அதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தாள். நான் காலைமுறை வேலை முடிந்து இரண்டரை மணிக்கு வந்து, அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் சரிந்துவிடுவேன். பாதி நித்திரையில் அவளுடைய குரல் மேலே மிதக்கும்.

"இப்ப சிவப்புப் போகும். பிறகு பால்வண்டி. ஐயோ, சாம்பல் கார்க்காரன் பிழை விட்டிட்டான் அப்பா."

பனி கொட்டும் நாட்களில் கார்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும். அவள் சொல்லச் சொல்ல அவை எனக்குள்ளேயும் போகும். சில நாள் கண் விழிக்கும்போது, அவள் சொல்லித்தான் அந்தச் சந்தி முழுக்க அசைகிறது போல இருக்கும். அவள் பேசாமல் விட்டால் எல்லாக் கார்களும் அப்படியே நின்றுவிடுமோ என்று படுத்தபடியே யோசிப்பேன்.

வருத்தம் மாறிய பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக் கீழே போடுகிறோம் என்றார்கள். அவள் மாட்டேன் என்று அழுதாள். அப்போது அம்மா ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். பழைய வீடு ஒன்றில் நடந்த பள்ளிக்கூடம், ஒரு வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அம்மா அங்கே வேலை செய்ததால் மகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் படிக்கும் அறையை அம்மா பின்னேரம் கூட்டுவாள்.

இதில் ஒரு விஷயம் விடுபட்டுப் போனது. உங்கள் எல்லோருக்கும் பாலர் வகுப்பிலேயே பொலிஸ்காரர் வந்து "நில், பார், கேள், நட" என்று வீதி கடக்கச் சொல்லித் தந்திருப்பார். ஐந்தாம் ஆறாம் வகுப்பில் முதுகில் இலக்கம் கட்டிக்கொண்டு சைக்கிள் சோதனை செய்திருப்பீர்கள். மற்றப் பிள்ளைகள் சைக்கிள் சோதனை செய்த வருஷத்தில் என் மகள் கட்டிலில் கிடந்தாள். புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதை வேறெங்கேயோ முடித்துவிட்டு வந்தவர்கள். அவள் ஒருத்திக்காக அந்தச் சோதனை வைக்கப் பொலிஸ்காரர் வரவில்லை.

அவளுக்குப் பதினெட்டு முடிந்தபோது, இரண்டாயிரம் தாண்டிச் சில வருஷம் ஆகியிருந்தது. பராமரிப்பு உதவியாளர் படிப்பை முடித்திருந்தாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கிற ஒரு நிலையத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். மேலே மலைச்சரிவில் தனித்தனிப் பண்ணை வீடுகள், பஸ் போகாத இடங்கள். நிலையத்தின் பொறுப்பாளரான பெண் நேராகவே சொல்லிக் கடிதமும் கொடுத்தார்: நவம்பர் முதலாம் திகதிக்குள் லைசென்ஸ் வேண்டும். எங்கள் கார்கள் எல்லாம் கிளச் வைத்தவை. கிடைத்தால் இடம் உனக்கு, கிடைக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு.

அவள் அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தாள். இவ்வளவு ஆசையோடு அவள் எதையும் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கோ வேறு பயம். வீட்டில் படித்த பிள்ளை, தனியார் பள்ளிக்கூடப் பிள்ளை, சைக்கிள் சோதனைத் தாள் இல்லாத பிள்ளை. லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்தில் இதெல்லாம் கேட்கமாட்டார்களா? எங்கள் தொழிற்சாலையில் என்னோடு பிழையான பிளாஸ்டிக் மூடிகளைப் பொறுக்கும் அண்ணை ஒருவரிடம் கேட்டேன்.

"கேக்காமல் விடுவாங்களோ?" என்றார் அவர். "இவங்கள் நாய்க்கே கடதாசி கேக்கிறவங்கள். உள்ளதெல்லாத்தையும் கொண்டு போம் தம்பி. கூடக் கொண்டு போனதுக்கு ஆரும் அடிக்கேல்லை."

எங்களைப் போல அகதியாக வந்தவர்களுடைய வீடுகளில் ஒரு ஃபைல் இருக்கும். தடிப்பான பிளாஸ்டிக் ஃபைல். விசாரணையில் ஒரு துண்டு குறைந்தாலும் பொய் சொல்கிறாய் என்பார்கள் என்று பயந்து பயந்து சேர்த்த கடதாசிகள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதை முழுதாகத் தூக்கிக்கொண்டு போவோம். நானும் தூக்கினேன்.

மகள் தன் பங்கை அழகாக முடித்து வைத்திருந்தாள். பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகும் முதலுதவி வகுப்பு, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை, படம், நகரசபை முத்திரை. விண்ணப்பத்தில் வருத்தங்களைப் பற்றிய கேள்விகளுக்கு "இல்லை" என்று புள்ளடி போட்டிருந்தாள். அது பொய் இல்லை. நீ முழுச் சுகம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் மகளுக்கு முன்னால் புகுந்து, என்னுடைய டொய்ச்சில், இவள் வீட்டில் படித்தவள், சைக்கிள் சோதனை செய்யவில்லை, காரணம் இதில் இருக்கிறது என்று ஃபைலைத் திறந்து வைத்தேன்.

அந்தப் பெண் சிரித்தார். "எந்தப் பள்ளிக்கூடம் என்று நாங்கள் கேட்பதே இல்லை. வீட்டில் படித்தாலும் எங்கே படித்தாலும் எல்லோருக்கும் இதே வகுப்பு, இதே சோதனைதான்" என்றார். ஆனால் அவருடைய கண் மேலே கிடந்த கடிதத்தில் விழுந்துவிட்டது. சிகிச்சை நடந்த காலத்துப் பழைய கடிதம். இடது இடுப்பு முழுதாக மடங்காது, அழுத்தம் கொடுக்கும் பலம் குறைவு என்று எழுதியிருந்தது. அவர் சிரிப்பதை நிறுத்தினார். இதை வாசித்த பிறகு வாசிக்காதது போல இருக்க முடியாது, எங்கள் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். கால் போதாது என்று வந்தால் கிளச் இல்லாத கார் மட்டும் ஓட்டலாம் என்று லைசென்ஸில் எழுதுவோம் என்றும் சொன்னார்.

கிளச் இல்லாத கார் என்றால் வேலை இல்லை. மூன்று பேருக்குமே அது விளங்கியது என்று நினைக்கிறேன், எங்கள் முகத்தைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வெளியே அப்பிள் தோட்டங்கள் பூத்திருந்தன. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அவை ஓடிக்கொண்டிருக்க, அவளுடைய முகம் கண்ணாடியில் அவற்றின் மேல் மிதந்தது.

"அவ கேக்கேல்லை அப்பா," என்றாள் கடைசியில்.

"மறைச்சதெண்டு வந்தால் பிறகு கரைச்சல் பிள்ளை."

"என்னத்தை மறைச்சது? எனக்குச் சுகமாகி ஏழு வருஷம். நீங்கள் மட்டும் என்னை இன்னும் அந்தக் கட்டிலிலயே படுக்க வச்சிருக்கிறியள்."

அந்த ஃபைலை மடியில் வைத்திருந்தேன். அதன் பாரம் எனக்கு முதல் தரம் தெரிந்தது.

டாக்டரிடம் முறை வர ஏழு கிழமை ஆனது. அந்த ஏழு கிழமையும் வீட்டில் நான் மெதுவாக நடந்தேன், கதவை மெதுவாகச் சாத்தினேன். அம்மா மட்டும் ஒரு நாள் கறி கிண்டியபடி, "நீங்கள் குடுத்த கடதாசியைத் திருப்பி வாங்கேலாது, தேத்தண்ணியையாவது குடியுங்கோ" என்றாள்.

டாக்டர் வயதானவர், சில்லு வைத்த கதிரையில் இருந்தார். மகளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், படி ஏறச் சொன்னார். பிறகு அவளைக் கட்டிலில் இருத்தி, இடது பாதத்தைத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, தள்ளு என்றார். தள்ளினாள். இன்னும் என்றார். கதிரை உருண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதியது. டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. அவர் அங்கேயே இருந்து சிரித்துக்கொண்டு, கால் போதும் என்று எழுதினார். ஆனாலும் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஓட்டச் சோதனையில் பரிசோதகர் இடது காலைத் தனியாகக் கவனிக்கவும்.

எழுத்துச் சோதனை அவளுக்கு விளையாட்டுப் போல முடிந்தது. படங்களில் சந்தி, சந்தியில் கார்கள், யார் முதலில்? அதற்குப் பதில் சொல்லித்தானே அவள் இரண்டு வருஷம் படுத்திருந்தாள். ஒரே ஒரு பிழை, அதுவும் டயரின் ஆழத்தைப் பற்றியது. பிறகு பழகுவதற்கான அனுமதி அட்டை வந்தது, நாலு பின்னேர வீதி வகுப்புகள் முடிந்தன. எங்கள் பழைய வெள்ளைக் காருக்குப் பின்னால் நீலப் பலகையில் வெள்ளை "எல்" ஒட்டினோம்.

அம்மா நாலு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, எடுத்து நாலு சில்லுக்கும் கீழே வைத்தாள். மகள் கிளச்சை விட்டாள், கார் குதித்தது.

"நாலும் நசுங்கீற்றுது, ஒண்டும் தப்பேல்லை," என்று எட்டிப் பார்த்துச் சொன்னாள். "இது சோதனையெண்டால் நான் பாஸ்."

ஓட்டுனர் பள்ளி ஆசிரியரிடம் சில மணித்தியாலம், மிச்சமெல்லாம் என்னோடு. லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆன, இருபத்திமூன்று வயது தாண்டிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே என்னை விட்டால் அவளுக்கு வழி இல்லை.

ஆடி, ஆவணி, புரட்டாதி. பின்னேர வெயிலில் சோளத் தோட்டங்களுக்கு நடுவே போவோம். மலை ஏறினால் கீழே எல்லாம் பச்சையும் நீலமுமாகக் கரைந்து கிடக்கும். மாடுகளின் மணிச்சத்தம் திறந்த ஜன்னலால் வந்து மற்ற ஜன்னலால் போகும். அவள் பேசாமல் ஓட்டுவாள். சில நேரம் இது நான் கட்டிலடியில் கண்ட அந்த அரைத் தூக்கம்தானோ என்று எனக்குத் தோன்றும். அப்போது ஒரு வளைவு வரும், நான் வலது காலால் வெறும் தரையை மிதிப்பேன்.

"அப்பா, அங்கை பிரேக் இல்லை."

"தெரியும். கால் நோகுதோ?"

"ஆருக்கு? உங்களுக்கோ?"

ஒரு நாள் நாலாம் தரம் கால் நோகிறதா என்று கேட்டபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். "இறங்கி நடவுங்கோ," என்றாள். பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டாள். "அதுவும் ஏலாது. நீங்கள் இல்லாமல் நான் ஓடினால் பொலிஸ் பிடிக்கும். சட்டம் உங்களைக் காப்பாத்திப்போட்டுது."

பிள்ளைகளே, அந்த மூன்று மாதமும் நான் அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கியர் அல்ல, கண்ணாடி பார்ப்பதும் அல்ல. அதெல்லாம் ஆசிரியர் சொன்னார். ஒவ்வொரு சந்தியிலும் நான் சொன்னது ஒரே வார்த்தை.

"விடு பிள்ளை, அவர் போகட்டும்."

"அப்பா, நான் வலதாலை வாறன்."

"பறவாயில்லை. அவர் அவசரமாப் போறார் போலை. விடு."

அவள் விடுவாள். மற்றவர் கையைக் காட்டிவிட்டுப் போவார். எனக்கு அது நல்ல பிள்ளை வளர்ப்பாகத் தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் சோதனை. கார்கள் வரிசையாக நின்ற முற்றத்தில் நான் நின்றேன். பரிசோதகர் கட்டையான ஆள், கையில் தாள் செருகிய பலகை. மகள் சீட்டைச் சரி செய்தாள், இருவரும் போனார்கள். காற்று இல்லை. மெல்லிய மூடுபனி முற்றத்தின் மேல் நின்றது. அதற்குள் கார்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொன்றும் வெள்ளையாக வரும், கிட்ட வந்ததும் வேறு நிறமாகிவிடும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

எங்கள் கார் வந்தது. அவள் இறங்கினாள். ஓடியே வந்தாள்.

"அப்பா, நான் ஃபெயில்!"

முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"ஃபெயில்தான். ஆனா காலாலை இல்லை! மலையிலை மூண்டு தரம் நிப்பாட்டி எடுக்கச் சொன்னவர். ஒருக்காலும் பின்னுக்குப் போகேல்லை. காலிலை ஒரு குறையும் இல்லையெண்டு எழுதியே தந்திட்டார். பாருங்கோ."

பரிசோதகர் பின்னால் வந்தார். எனக்கு விளங்கட்டும் என்று சுவிஸ் டொய்ச் என்ற பேச்சுமொழியை விட்டு மெதுவாக எழுத்து டொய்ச்சில் பேசினார். மூன்று சந்தியில் இவளுடைய முறை வந்தது, இவள் போகவில்லை என்றார். ஒரு வான்காரருக்கு வழி விட்டாள். அவர் இவள் போவாள் என்று நின்றார், இவள் அவர் போவார் என்று நின்றாள், பின்னால் வந்த சைக்கிள்காரி காரில் மோதப் பார்த்தாள். "தனக்கு வழி இல்லாதபோது போவது பிழை. தனக்கு வழி இருக்கும்போது போகாததும் பிழை. மற்றவர்களுக்கு உங்களை நம்பி ஓட்ட முடியாமல் போகும்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆசிரியர் இப்படிப் பழக்கமாட்டார். யார் பழக்கியது?"

நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவது போல. அவர் என் தோளில் பலகையால் மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அடுத்த சோதனைக்குக் கிடைத்த திகதி ஒக்டோபர் இருபத்தெட்டு. அதிலும் தவறினால் நவம்பர் முதலாம் திகதி கைவிட்டுப் போகும்.

"அப்பா, உடுப்புத் தோய்க்கிற அறையிலையும் நீங்கள் உப்பிடித்தான்," என்றாள், கோபமில்லாமல். கட்டிடத்தில் எல்லோருக்கும் அந்த ஒரே அறைதான், வீட்டுக்கு ஒரு நாள். "எங்கடை நாளிலை கீழ்வீட்டு மனிசி கூடையோடை வந்தால், நீங்கள் தோய்ச்ச பாதியை ஈரத்தோடை தூக்கிக்கொண்டு மேலை வாறனீங்கள்."

"சண்டை வேண்டாமெண்டுதானே பிள்ளை."

"அவவுக்குச் சண்டை போட யோசனையே இல்லை. தன்ரை நாள் எண்டு நினைச்சு மாறி வந்திட்டா. நீங்கள் சொல்லியிருந்தால் போயிருப்பா."

நான் யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷமாக நான் வரிசையில் கடைசியாக நின்றிருக்கிறேன். பஸ்ஸில் எழும்பி இடம் கொடுத்திருக்கிறேன், மாடிப்படியில் சுவரோடு ஒட்டி வழி விட்டிருக்கிறேன். அதில் பாதி மரியாதை. மற்றப் பாதி, இது என்னுடைய இடம்தானா என்ற சந்தேகம். அந்தப் பாதியையும் மரியாதை என்று சொல்லியே மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் இங்கே பிறந்தவள். அவளுக்கு அந்தச் சந்தேகம் சொந்தமில்லை.

அன்றிலிருந்து நான் காரில் வாய் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். இரண்டு முழங்காலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஒரு மாதம் அப்படியே போனோம், ஒவ்வொரு பின்னேரமும். இலைகள் மஞ்சளாகி வீதியில் ஒட்டிக்கிடந்தன. ஒரு நாள் பெரிய பொதி வண்டி ஒன்று இடது பக்கத்தால் வந்தது. எங்களை விட மூன்று மடங்கு உயரம். மகள் வலதால் வந்துகொண்டிருந்தாள். என் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை மூடினேன்.

அவள் வேகத்தைக் குறைத்தாள், பார்த்தாள், போனாள்.

பொதி வண்டிக்காரர் நின்றார். கோபப்படவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினார், அவ்வளவுதான். நாங்கள் அவருக்கு முன்னால் கடந்து போனபோது, எனக்கு ஏதோ பெரிய வாசல் ஒன்றுக்குள் போவது போல இருந்தது. உண்மையில் அது ஒரு பால்பண்ணைக்குப் போகும் சின்னச் சந்தி.

ஒக்டோபர் இருபத்தெட்டாம் திகதி பரிசோதகர் வேறு ஆள், பெண். மகளை மலையில் ஏற்றினார், ஊருக்குள் சந்து சந்தாகச் சுற்ற விட்டார். திரும்பி வந்தபோது இருவரும் ஏதோ சமையலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இறங்கினார்கள். மகள் ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். கையில் தாள்.

"மூண்டு வருஷத்துக்குத் தற்காலிகமாத்தான் தருவினம்," என்றாள். "இன்னும் ரெண்டு நாள் வகுப்பு இருக்கு. எல்லாருக்கும் அப்பிடித்தான், புதுச் சட்டம். ஆனா கிளச்சோடை அப்பா. ஒண்டும் எழுதேல்லை, வெறும் லைசென்ஸ்."

அவள் அழுதாள், நானும்தான். அந்தப் பரிசோதகர் பெண் தன் அடுத்த காரைத் தேடுவது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை தொடங்கிய திங்கட்கிழமை ஊர் முழுக்க மூடுபனி. பக்கத்து வீட்டுக் கூரையே தெரியவில்லை. நிலையத்தின் சின்னக் கார் ஒன்று அவளுக்கு. நான் தொழிற்சாலையில் மூடி பொறுக்கிக்கொண்டே, மலையில் அந்த வெண்மைக்குள் ஒரு கார் மெதுவாக ஏறிக்கொண்டிருப்பதை நாள் முழுக்கப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை.

பின்னேரம் அவள் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். கேட்க என் வாய் துடித்தது. கால் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது.

"வீதி எப்பிடி?" என்று கேட்டேன்.

"ஒரே நெபல். மேலை போனால் வெயில்." மூடுபனியைத்தான் நெபல் என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "மேலை இருந்து பாத்தால் கீழை ஒண்டுமே இல்லை அப்பா, கடல் மாதிரி. நாங்கள் எல்லாரும் அதுக்குள்ளை இருக்கிறம்."

அம்மா சோறு போட்டு வந்தாள். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, முதல் வீட்டில் ஒரு கிழவி, இடுப்பு எலும்பு தேய்ந்தவ, காலுறை போட விடமாட்டாவாம் என்றாள். வருகிற ஆட்கள் எல்லோரும் பிழையான இடத்தில் பிடித்துத் தூக்கிவிடுவார்களாம்.

"நான் முழங்காலுக்குக் கீழை கை குடுத்து, மெதுவா வெளிப்பக்கம் திருப்பினன். ஆள் சத்தமே போடேல்லை. எனக்கு எங்கை நோகுமெண்டு உனக்கு எப்பிடித் தெரியுமெண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னாய்?"

"சொன்னன் எல்லாத்தையும். கட்டில், ஜன்னல், ரெண்டு வருஷம். அரை மணித்தியாலம் கதைச்சிட்டம், அடுத்த வீட்டுக்குப் பிந்திப் போனன்." அவள் அம்மாவிடம் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ. நாளைக்கு ஆறு வீடு."